இயங்குநிலை நிரல்மொழிகளின் வேகம்: அளவீட்டு முறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்
நிரல்மொழிகளை ஒப்பிடுவோர் ஒவ்வொன்றின் வேகத்தையும் ஒற்றை எண்ணால் குறிப்பது வழக்கம். மெய்நிகர் இயந்திரத்தின்மேல் செயற்படும் மொழிகளுக்கு அவ்வெண் எந்த அளவு பொருந்தும் என்பதை, 2017இல் வெளிவந்த அளவீட்டு ஆய்வொன்றை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: இயங்குநிலை மொழி, மெய்நிகர் இயந்திரம், சூடேற்றம், செயல்திறன், அளவீடு

முன்னுரை
பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ரூபி முதலிய இயங்குநிலை மொழிகளில் ஒரு மாறி எண்ணைக் குறிக்கிறதா, எழுத்துச்சரத்தைக் குறிக்கிறதா என்பது நிரல் ஓடும்போதே தெரியவரும். இரு மாறிகளைக் கூட்டும் எளிய வரிகூட எண்களின் கூட்டலாகவோ சரங்களின் இணைப்பாகவோ அமையலாம். ஒவ்வொரு முறையும் இதைச் சோதித்தறிய வேண்டியிருப்பது இம்மொழிகளின் மந்தத்திற்கு முக்கியக் காரணமாகும்.

இத்தடையைக் கடக்கும் வழியொன்றை ஸ்மால்டாக்-80 மொழிக்காக டாய்ச், ஷிஃப்மன் ஆகியோர் 1984இல் விளக்கினர். ஓரிடத்தில் முன்பு வந்த வகையே மீண்டும் வரும் என எதிர்பார்த்து, தேடிக் கண்ட விடையை அங்கேயே சேமித்துவைப்பது அவ்வழி. செல்ஃப் மொழிக் குழுவினரான ஹோல்ஸ்லே, சேம்பர்ஸ், உங்கர் ஆகியோர், ஓரிடத்தில் பல வகைகள் வரினும் பயன்படுமாறு 1991இல் அதை விரித்தனர். 2008இல் வெளியான கூகுளின் வி8 இயந்திரமும் இம்மரபைச் சார்ந்ததே.

சூடேற்றம் என்னும் கருதுகோள்
நிரலின் கடந்தகாலத்தைக் கொண்டு அதன் எதிர்காலத்தை ஊகிப்பதே இம்முறைகளின் அடிப்படை. ஆகவே நிரல் தொடக்கத்தில் மெதுவாக ஓடும். அடிக்கடி ஓடும் பகுதிகள் பின்னர் இயந்திரக் குறியாக மாற்றப்பட்டு விரைவுபெறும். ஊகம் பொய்த்தால் அக்குறி கைவிடப்படும். தொடக்கநிலை மந்தம் ‘சூடேற்றம்’ எனப்படுகிறது. முதற்சில சுற்றுகளை நீக்கிவிட்டால் எஞ்சியவை நிலையான உச்சவேகத்தைக் காட்டும் என்பது அளவிடுவோரின் பொதுவான கருதுகோள்.

2017ஆம் ஆண்டு ஆய்வு
பாரெட், போல்ஸ்-டெரைக், கில்லிக், மவுண்ட், டிராட் ஆகிய ஐவர் இக்கருதுகோளைச் சோதித்தனர். பலராலும் பயன்படுத்தப்பட்டுவந்த சிறு நிரல்கள் ஒவ்வொன்றையும் 30 முறை புதிதாகத் தொடங்கி, ஒவ்வொரு தொடக்கத்திலும் 2000 சுற்றுகள் ஓட்டினர். மூன்று கணினிகளில் சோதித்தும், இயந்திரமும் நிரலும் சேர்ந்த இணைகளுள் அதிகபட்சம் 43.5 விழுக்காடே சீராக நிலையான உச்சவேகத்தை எட்டின. சில இணைகள் நேரம் செல்லச் செல்ல மந்தமாயின. சில நிலைபெறவே இல்லை. சில தொடக்கத்திற்குத் தொடக்கம் வேறுபட்டன.

வேகம் மாறும் இடங்களைக் கண்ணளவில் தீர்மானிக்காமல் புள்ளியியல் முறையில் கண்டறிந்தது இவ்வாய்வின் வலிமை. சிறு நிரல்களை மட்டுமே எடுத்துக்கொண்டது குறைபோலத் தோன்றலாம். ஆயினும் சீராக ஓடும் என எதிர்பார்க்கப்பட்ட நிரல்களே தவறியமையால் மறுப்பு வலுப்பெறுகிறது. அதே காரணத்தால், இம்முடிவைப் பெருநிரல்களுக்கு அப்படியே நீட்டிக்க இயலாது.

ஆய்வின் உண்மையான எல்லை வேறிடத்தில் உள்ளது. நிலையான உச்சவேகம் எட்டப்படுகிறதா என்பதே இங்கு மைய வினா. அவ்வேகம் யாருக்குப் பயன்படுகிறது என்பது அன்று. நாள்கணக்கில் ஓடும் வழங்கிக் கணினிக்கு அது முதன்மையானது. நொடிப்பொழுதில் முடியும் கட்டளை நிரலோ சூடேறுமுன்பே முடிந்துவிடும்.

இந்த இடைவெளிக்கு வி8 இயந்திரத்தின் வரலாறே சான்று. தொடக்கத்தில் அது எல்லா நிரலையும் நேரடியாக இயந்திரக் குறியாக மாற்றியது. நினைவகத்தைச் சேமிக்கும் பொருட்டு இக்னிஷன் என்னும் பைட்குறி இயக்கி 2016இல் முதலில் நினைவகம் குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் புகுத்தப்பட்டது. ஆக்டேன் என்னும் புகழ்பெற்ற சோதனைத் தொகுப்பை வி8 குழு 2017இல் கைவிட்டது. அதில் மதிப்பெண் உயர்த்தும் முயற்சி உண்மையான வலைப்பக்கங்களுக்கு உதவாமலும், சிலபோது ஊறாகவும் அமைந்ததே காரணம். மலிவான கைப்பேசியில் பக்கம் திறக்கக் காத்திருப்பவரை உச்சவேக எண் கணக்கில் கொள்ளவில்லை.

முடிவுரை
பைத்தான் 3.11 பதிப்பு முந்தைய பதிப்பைவிடச் சராசரியாக 1.25 மடங்கு விரைவானது என 2022இல் அறிவிக்கப்பட்டது. நிரலுக்கேற்ப 10 முதல் 60 விழுக்காடுவரை வேறுபடும் என்ற குறிப்பும் அவ்வறிவிப்பில் இருந்தது. சராசரியைவிட இவ்வீச்சே பயனருக்கு மிகுதியாக உணர்த்துகிறது. எனவே தொடக்க நேரம், சூடேற்றப் போக்கு, தனித்தொடக்கங்களின் எண்ணிக்கை, முடிவுகளின் வீச்சு ஆகிய நான்கையும் அளவீட்டு ஆய்வுகள் தெரிவிக்க வேண்டும். இவையின்றி ‘எம்மொழி விரைவானது?’ என்ற வினாவுக்குத் தரப்படும் விடை, எவ்வளவு நேரம் ஓடும் எந்த நிரலுக்கு என்பதைச் சொல்லாத விடையாகவே நிற்கும்.