சொல்லுக்கு எது கரை?

வாய்க்காலுக்குக் கரை வேண்டுமெனத் தஞ்சை உழவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அக்கரையே குறுக்கே எழுந்தால் கடைமடை காயும் என்பதும் அவர் அறிந்ததே. பேச்சுரிமைக்கு அவதூறுச் சட்டம் எத்தகைய கரை? நக்கீரன் இதழ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபர் 7 அன்று அளித்த தீர்ப்பை இவ்வளவுகோலால் நாம் மதிப்பிடலாம்.

மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாறு, அதிகாரிகள் சிலரோடு அவருக்கிருந்த உறவைப் பேசிற்று. சிறைத்துறை அதனை வெளியிடலாகாதென எச்சரித்தது. அவதூறென அஞ்சி, அச்சேறுமுன் தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ உரிமையில்லை என்றது மன்றம். கடமை குறித்த செய்திக்கு அதிகாரி இழப்பீடு கோரினால், அது பொய்யென்றும் உண்மையைப் பொருட்படுத்தாமல் எழுதப்பட்டதென்றும் அவரே மெய்ப்பிக்க வேண்டும். இது தீர்ப்பின் பெருமை.

அதன் குறையையும் நாம் மறைப்பதற்கில்லை. அவதூறைக் குற்றமாக்கிய 499, 500ஆம் பிரிவுகளை அது ஆராயாமல் விட்டது. நற்பெயரும் வாழ்வுரிமையின் கூறே என்று காட்டி, 2016இல் அதே மன்றம் அவற்றை நிலைநிறுத்தியது. 2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் ஈராண்டு வரையான சிறை தொடர்கிறது.

நற்பெயர் காக்கத்தக்கதே, எளியவர்க்குப் பலவேளை அதுவே முழுச் சொத்து. ஆயினும் அவர் தாமே நீதிமன்றப் படியேற வேண்டும்; அமைச்சருக்கோ அரசு வழக்கறிஞரே முறையிடுவார். அவ்வாறு செய்தி இதழ்கள்மீது தொடுக்கப்பட்ட பல வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் தள்ளியது நமக்கு ஆறுதல்.

பொய்யுரைத்தவர் ஈடு செய்யட்டும், அது கரை. வினவுவோர்க்குச் சிறையைக் காட்டுவதோ குறுக்கணை.