கூட்டுடைமையும் தனிமனிதனும்: ‘நாலுகெட்டு’ நாவல் பற்றிய ஒரு நோக்கு

எம். டி. வாசுதேவன் நாயரின் ‘நாலுகெட்டு’ (1958), தறவாடு எனும் நாயர் கூட்டுக் குடும்பத்தின் சிதைவைச் சித்திரிக்கும் மலையாள நாவலாகும். அச்சிதைவை ஏக்கத்துடன் நோக்குதலும், தனிமனித விடுதலையெனப் போற்றுதலும் எளிது. ஆயின் இரு நோக்குகளுக்கும் முன்னதாக எழ வேண்டிய வினா ஒன்றுண்டு: கூட்டுடைமையில் ஒருவருக்குள்ள உரிமை யாது?

மலபாரில் வழங்கிய மருமக்கத்தாய முறையின்படி சொத்து பெண்வழியே இறங்கியது. தறவாட்டுப் பெண்ணின் வயிற்றிற் பிறந்த ஒவ்வொருவரும் பிறப்பினாலேயே அச்சொத்தின் உடைமையாளராவர். எனினும் அனைவரும் இசைந்தாலன்றிப் பாகப்பிரிவினை இல்லை. தம் பங்கைப் பிரித்துத் தருமாறு தனியொருவர் கேட்டல் இயலாது. அவருக்கு எஞ்சியது ஜீவனாம்ச உரிமையே. நிர்வாகமோ மூத்த ஆணாகிய காரணவரின் கையில் இருந்தது. உடைமை பெண்வழிப்பட்டது, அதிகாரம் ஆணின்பாற்பட்டது எனும் இம்முரண்பாடே நாவலின் அடித்தளமாகும்.

தன் விருப்பின்படி மணந்த பாருக்குட்டிக்குத் தறவாடு கதவடைக்கிறது. அவள் மகன் அப்புண்ணி அவ்வீட்டை வெளியே நின்றே அறிகிறான். பிறப்புரிமையை நோக்கின் தாயும் மகனும் அவ்வீட்டின் கூட்டுடைமையாளரே. எனவே அவர்களிடம் இல்லாதிருந்தது உரிமையன்று. உரிமையைச் செயற்படுத்தும் பலமே. சட்டம் தரும் உரிமைக்கும் சமூக உறவுகள் அனுமதிக்கும் உரிமைக்கும் இடைப்பட்ட இத்தூரத்தை ஆசிரியர் விளக்கவுரையின்றியே புலப்படுத்துகிறார்.

1932ஆம் ஆண்டின் சென்னை மருமக்கத்தாயச் சட்டம், தாய்வழிக் கிளையாகிய தாவழிக்குத் தன் பாகத்தைப் பிரித்துக் கேட்கும் உரிமையை அளித்தது. 1976 டிசம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த கேரளச் சட்டமோ கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. பிரிக்கப்பட்ட பங்கு விற்கத்தக்க பண்டமாகிறது. நாவலிலும் தறவாடு பாகம் பிரிகிறது. இறுதியில் அப்புண்ணியே நாலுகெட்டை விலைக்கு வாங்குகிறான். பிறப்பு வழங்காத வீட்டைப் பணம் வழங்குகிறது. அப்பணம் வயநாட்டுத் தேயிலைத் தோட்ட உத்தியோகத்தில் ஈட்டியது. அவ்வேலைக்கு உதவியவனும் உறவினன் அல்லன். அவன் தந்தையைக் கொன்றவனெனப் பழிக்கப்பட்ட செய்தாலிக்குட்டியே. இரத்த உறவின் இடத்தைப் பண உறவு கைப்பற்றும் வரலாற்றுக் கட்டம் இங்கே துல்லியமாகப் பதிவாகியுள்ளது.

பழைய வீட்டை இடித்து, காற்றும் வெளிச்சமும் புகும் சிறு வீடு கட்ட அப்புண்ணி முடிவு செய்கிறான். நிலவுடைமைப் பண்பாட்டின் மீதான தீர்ப்பு என்றவகையில் இது முற்போக்கானதே. எனினும் இம்முடிவின் எல்லையையும் காணல் வேண்டும். பாகப்பிரிவினை உடைமையாளருக்கிடையே நிகழ்வது. நிலத்தை உழுதோர் அதிற் பங்காளர் அல்லர். 1970 ஜனவரி 1ஆம் திகதி குத்தகை முறை ஒழிக்கப்பட்டபோதே அவ்வினா கேரளத்தில் வேறொரு தளத்தில் விடை தேடியது. அப்புண்ணிக்குச் சம்பளம் வழங்கிய தோட்டத்திற் கொழுந்து பறித்தோரும் நாவலின் மையத்துக்கு வருவதில்லை. அவன் பெற்ற விடுதலை மெய்யானது. ஆனால் அது ஒருவனுக்கு மட்டுமே போதுமான விடுதலையாகும்.