ஆளில்லாத் தீவு: தீவு வாழ்வு பற்றிய இலக்கியங்கள் குறித்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிக் கொண்ட அவர்களின் வழக்கிலே காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று; வேலணை லெய்டன் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று; நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இவற்றுள் டெல்வ்ற் ஒன்றே ஆங்கில வழக்கில் இன்றும் நின்று நிலவுகின்றது. ஆம்ஸ்டர்டாம் சுவடின்றி மறைந்தது. காரைதீவு காரைதீவாகவே இருந்து, பிற்காலத்திற் காரைநகர் எனப் பெயர் பெற்றது.

ஏற்கெனவே பெயருடைய ஓர் ஊருக்கு மறுபெயர் இடுவோர், அங்கு ஆளில்லை என்று எண்ணுதல் வேண்டும். அல்லது இருக்கும் ஆட்களைக் கணக்கில் எடாதிருத்தல் வேண்டும். கடல் கடந்து சென்று தொலைதூரத் தீவொன்றிற் குடியமரும் ஆசையைப் பொருளாகக் கொண்ட இலக்கியம் மேனாட்டிலே பெருகிக் கிடக்கின்றது. அவ்விலக்கியத்தின் அடியிலே இவ்வெண்ணமே கிடக்கின்றது. தீவு வெறுமையாக இருந்தாலன்றி அவ்வாசை நிறைவேறுவதில்லை. ஆனால், வெறுமையான தீவு என்பது தமிழ் இலக்கியத்துக்கும் புதியதன்று. அவ்வெறுமையை இரு மரபுகளும் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை ஒப்பு நோக்குதல் பயனுடையது.

டானியல் டீபோவின் 'றொபின்சன் குரூசோ' 1719ஆம் ஆண்டில் வெளிவந்தது. கப்பல் உடைந்து கரையொதுங்கிய குரூசோ தன்னந்தனியனாகத் தீவில் வாழ்கின்றான், கப்பலின் பொருட்களை ஒவ்வொன்றாகக் கரை சேர்க்கின்றான், வேலி அடைக்கின்றான், தானியம் விதைக்கின்றான், ஆடு பழக்குகின்றான், தன் உடைமைகளுக்குக் கணக்கு வைக்கின்றான். ஆண்டுகள் பல சென்றபின் மணலிலே மனித அடிச்சுவடு ஒன்றைக் காண்கின்றான். தனிமையால் வருந்தியிருந்தவன் அச்சுவடு கண்டு மகிழவில்லை, நடுங்குகின்றான். நாவலின் உயிர்நிலை இவ்விடத்தே உள்ளது எனலாம். பின்னர் அவன் காப்பாற்றும் மனிதனுக்கு வெள்ளிக்கிழமை என்று பெயரிடுகின்றான். அம்மனிதனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் யாதென்று அவன் கேட்டதாக நாவலில் இல்லை. காரைதீவை ஆம்ஸ்டர்டாம் ஆக்கிய மனமும் இதுவே.

டீபோவுக்கு இலங்கை பற்றிய அறிவும் இருந்தது. 1660ஆம் ஆண்டளவில் கொட்டியாரத்திலே சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ், தன் அனுபவங்களை 1681இல் நூலாக வெளியிட்டான். அவனது வரலாற்றை டீபோ 1720இல் வெளிவந்த 'கப்டன் சிங்கிள்டன்' என்ற நாவலிற் சுருக்கித் தருகின்றார். நொக்ஸ் தன் விருப்பால் வந்து குடியேறியவன் அல்லன். அதனாலேதான் போலும், அவனது நூலில் ஆட்கள் நிறைந்திருக்கின்றனர். அவர்கள் உழுகின்றனர், மணம் செய்கின்றனர், அரசனுக்கு அஞ்சுகின்றனர். தீவு அவனுக்கு வெறுமையாக ஒருநாளும் தோன்றவில்லை.

குரூசோவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழில் ஒருவன் ஆளில்லாத் தீவில் விடப்பட்டான். மணிமேகலைக் காப்பியத்தின் 'பாத்திர மரபு கூறிய காதை'யில் வரும் ஆபுத்திரனே அவன். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்ற அவனிடம், நாட்டிலே மழை பெய்து வளம் பெருகியபின் உணவு கேட்டு வருவோர் இல்லாது போயினர். சாவக நாட்டிற் பசி மிகுந்துள்ளது என்று கேள்வியுற்று அவன் கப்பல் ஏறினான். இடையே மணிபல்லவத்தில் கப்பல் தங்கிற்று. அவன் இறங்கியதை அறியாது, ஏறிவிட்டான் என்று எண்ணி, இரவிலே கப்பல் புறப்பட்டுவிட்டது. மணிபல்லவமோ மக்கள் இல்லாத இடம்.

இவ்விடத்து இரு கதைகளும் பிரிகின்றன. குரூசோவுக்கு இல்லாத பெருஞ்செல்வம் ஆபுத்திரன் கையில் உள்ளது. அவன் விதைக்க வேண்டியதில்லை, வேலி அடைக்க வேண்டியதில்லை. அமுதசுரபியைக் கொண்டு காலமெல்லாம் தன் உயிரை ஓம்பலாம். ஆயின், பல்லுயிர் ஓம்புதற்குரிய பாத்திரத்தைத் தன்னுயிர் ஒன்றுக்காக வைத்திருத்தல் தகாது என்று கருதி அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கின்றான். ஆளில்லாத் தீவில் குரூசோ உடைமையாளன் ஆகின்றான். ஆபுத்திரனுக்கோ வாழ்வின் பொருளே அங்கு அற்றுப்போகின்றது. இஃது ஒரு பௌத்த அறநூலின் கட்டுரை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. கதை நிகழ்ச்சியை ஊன்றி நோக்குவோர், சாத்தனார் வெறுமை என்பதன் கொடுமையை உணர்ந்தே இதனைப் படைத்தார் என்பதை அறிவர். மணிபல்லவம் நயினாதீவே என்பது அத்தீவு மக்களின் உறுதியான நம்பிக்கை. குடாநாடு முழுவதையுமே அது குறித்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், பாத்திரமும் பொய்கையும், அதாவது சோறும் நீரும், இத்தீவுகளைப் பற்றிய முதற்கதையின் இரு தூண்களாக இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. மழையை நம்பிக் கிணற்றையும் கேணியையும் காத்துவரும் காரைநகர் போன்ற ஊர்களில் நன்னீரின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதன்று.

இங்கு வந்து வாழ்ந்து இவ்விடத்தைப் பற்றி எழுதிய பிற நாட்டாருள் லெனாட் வூல்வ் தனித்து ஆராயத் தக்கவர். 1904ஆம் ஆண்டு மார்கழியில் இலங்கை வந்த அவர், 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க சேவையில் இருந்தார். வோல்தயரின் நூல்கள் தொண்ணூறையும் ஒரு நாயையும் உடன்கொண்டு வந்த இருபத்து நான்கு வயது இளைஞர் அவர். தமிழ் கற்றார். 1911இல் நாடு திரும்பி, மறு ஆண்டில் பதவி துறந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து தன் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களிலே சலிப்பும் தனிமையும் வெறுப்பும் மண்டிக் கிடக்கின்றன. அரை நூற்றாண்டின் பின், 1961இல் வெளியிட்ட 'குறோவிங்' என்ற தன்வரலாற்றிலே அதே நிலம், அதே பரவைக் கடல், அதே பனைகள் ஒருவகைத் துயரழகு பெற்றுவிடுகின்றன. இடம் மாறவில்லை; எழுதுவோனின் தொலைவு மாறிவிட்டது. தொலைதூரத் தீவின் அழகு பெரும்பாலும் அங்கிருந்து போய்விட்டவர்களாலேயே எழுதப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் வூல்வ் குரூசோவின் வழித்தோன்றல் என்று முடிவு கட்டிவிட இயலாது. அவரது நூலில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. யாழ்ப்பாணப் பெருந்தெருவில் குதிரைமீதிருந்த வூல்வ், சவுக்கால் ஏதோவொன்றைச் சுட்டிக்காட்டியபோது, அவ்வழியே வண்டியிற் சென்ற ஹரி சந்திரசேகரா என்ற வழக்கறிஞரின் முகத்தில் வேண்டுமென்றே அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் முறையிட்டது. தான் அடிக்கவில்லை என்று வூல்வ் மறுத்தார். ஆயின், அவர்களுடைய ஊரின் தெருவில் அவ்வாறு குதிரையேறி அமர்ந்திருந்ததே ஓர் அறைக்கு ஒப்பானதுதான் என்ற உணர்வும் தனக்கு எழுந்ததாக நூலிற் கூறுகின்றார். மணலில் அடிச்சுவடு கண்டு அஞ்சிய குரூசோவுக்கு வாராத ஞானம் இது. இங்கு அடிச்சுவடு தன்னுடையது என்பதை வந்தவன் உணர்கின்றான்.

1921இல் வெளிவந்த 'ஸ்ரோறிஸ் ஒவ் த ஈஸ்ற்' என்ற தொகுதியில் உள்ள மூன்று கதைகளுள் 'இரு பிராமணர்' என்று பொருள்படும் கதை யாழ்ப்பாணத்தில் நிகழ்கின்றது. செல்லையா, சிற்றம்பலம் என்ற அயல்வீட்டார் இருவர். செல்லையாவுக்கு வலைவீசிப் பார்க்கும் ஆசை பிறக்கின்றது. ஒதுக்குப்புறமான இடத்தில் மீனவன் ஒருவனிடம் காசு கொடுத்துக் கற்கின்றான். சிற்றம்பலமோ கூலிக்காசு மிச்சம் பிடிக்கும் பொருட்டுத் தானே கிணறு தோண்டி, மண்ணைத் தலையிற் சுமக்கின்றான். இருவரும் சாதியால் விலக்கப்படுகின்றனர். தலைமுறைகள் கழித்து இவ்விரு குடும்பத்தாரும் தமக்குள் மணம் பேசுகின்றனர். சீதனப் பேச்சில் அது முறிகின்றது. பழைய வசைகளையே ஒருவர்மீது ஒருவர் எறிகின்றனர். யாழ்ப்பாணத்து உயர்குலப் பெருமையின் உள்ளீடின்மையை இவ்வளவு சுருங்கச் சொன்ன கதைகள் தமிழிலும் அக்காலத்தில் மிகச் சிலவே.

குறையும் அங்கேயே உள்ளது. மண் சுமந்த பிராமணனின் இழிவு கதையாகின்றது. நாள்தோறும் மண் சுமப்பவனின் வாழ்வு கதையினுட் புகவில்லை. வலை வீசக் கற்றுக் கொடுத்தவன் ஆசிரியன் ஆகின்றானேயன்றிப் பாத்திரம் ஆகவில்லை. கிணறு வூல்வின் நகைச்சுவைக்குக் களமாகின்றது. அக்கிணற்றில் அள்ளும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினா எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியவர் தீவிலேயே பிறந்த ஒருவர். புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் (1935–1973) 'போர்ப்பறை', 'மெய்யுள்' ஆகிய நூல்களால் மெய்யியற் சிந்தனையாளராக அறியப்படுபவர். ஊரிலுள்ள கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்களும் நீர் அள்ளவேண்டும் என்று 1971இல் அவர் சத்தியாக்கிரகம் நடத்தித் தாக்குதலுக்கும் சிறைக்கும் உள்ளானார். இரண்டு ஆண்டுகளில் மறைந்தார். அவரது தத்துவ எழுத்தின் மூடுதன்மை பற்றி மார்க்சிய விமர்சகர்கள் கூறிய குறைகளுட் சில நியாயமானவை. ஆயின், தீவு என்பது தனிமையில் ஆன்மாவைத் தேடும் இடம் என்று எழுதுவதற்கு எல்லாத் தகுதியும் பெற்றிருந்த ஒருவர் கிணற்றடிக்குச் சென்றார் என்பதை அவ்விமர்சனங்கள் போதிய அளவு மதிக்கவில்லை. வெளியிலிருந்து நோக்குவோருக்குத் தீவைச் சூழ்ந்த கடலே முதலிற் புலனாகும். உள்ளிருப்போர் அதன் நடுவில் உள்ள கிணற்றைக் காண்பர்.

இவ்விடத்தில் ஆர்தர் சி. கிளார்க்கையும் ஒருங்கு வைத்து நோக்கலாம். 1956இல் இலங்கையிற் குடியேறி 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்த அவர், 1979இல் வெளிவந்த 'த பவுன்ரன்ஸ் ஒவ் பரடைஸ்' என்ற நாவலின் தேவைக்காக இத்தீவைப் பூமத்திய ரேகை வரை தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்ற பழம்பெயரையும் இட்டார். அறிவியற் புனைகதைக்கு இவ்வுரிமை உண்டு. விரும்பியபடி நகர்த்தக்கூடிய தீவை எழுதுவோனும், காற்றுக்காலத்தில் காரைநகர்த் துறையில் ஊர்காவற்றுறைப் பாதைக்குக் காத்திருப்போனும் ஒரே தீவைப் பற்றிப் பேசுகின்றனர் என்று கூறமுடியாது, அவ்வளவே. வூல்வின் நாவலைத் தழுவி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் நெறிப்படுத்திய 'பத்தேகம' திரைப்படத்தில் வூல்வாக நடித்தவரும் இக்கிளார்க்கே என்பது ஒரு சுவையான செய்தி.

மேனாட்டார் கற்பனையில் மட்டும் இருந்த ஆளில்லாத் தீவு, 1990களின் தொடக்கத்தில் மெய்யாகவே தோன்றிற்று. போரின் காரணமாக 1991இல் காரைநகர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அவ்வாண்டிலேயே புங்குடுதீவும் பெரும்பாலும் வெறுமையாயிற்று. காரைநகரில் மீள்குடியேற்றம் 1996க்குப் பின்னரே தொடங்கிற்று. இவ்வெறுமையைப் பாடிய கவிஞர் சு. வில்வரத்தினம் (1950–2006). 1995இல் வெளிவந்த அவரது 'காற்றுவெளிக் கிராமம்' என்னும் தொகுதியிலே ஊர் இருக்கின்றது, ஊரவர் இல்லை. மனிதர் விட்டுச்சென்ற வெளியிலே காற்று உலாவுகின்றது. குரூசோவின் தீவில் வெறுமை என்பது இனி எழுதப்படவிருக்கும் தாள். வில்வரத்தினத்தின் தீவில் அஃது எழுதியது அழிக்கப்பட்ட தாள். ஆளில்லாத் தீவு என்ற ஒன்று இயற்கையில் இல்லை, ஆளில்லாமற் செய்யப்பட்ட தீவே உண்டு என்ற உண்மையைத் தமிழ்க் கவிதையில் நிலைநாட்டியவர் அவர். அவரிடத்தும் ஒரு குறை சொல்ல இடமுண்டு. இழந்த ஊரை அவர் தாயாகவும் தெய்வமாகவும் விரித்துச் செல்லுமிடத்து, தளையசிங்கம் நின்ற கிணற்றடி பெரும்பாலும் பின்னணிக்குச் சென்றுவிடுகின்றது. இழப்பின் பெருந்துயரில் அது தவிர்க்க இயலாததாக இருக்கலாம்.

ஆனால், இன்று இலண்டனிலும் கனடாவிலும் வெளியிடப்படும் ஊர்ச்சங்க மலர்களின் கட்டுரைகளுக்கும் கவிதைகளுக்கும் அத்தகைய நியாயம் கூறுதல் கடினம். கசூரினாக் கடற்கரையும், ஈழத்துச் சிதம்பரத்தின் திருவாதிரையும், பனங்கூடலும் இவற்றிலே மீண்டும் மீண்டும் வருகின்றன. அன்பு மெய்யானது. ஆயினும், அங்கே இன்று வாழ்வோர் இக்கட்டுரைகளில் அரிதாகவே நடமாடுகின்றனர். நீர் வண்டிக்குக் காத்திருப்போரையும் மீன்பிடிக்கச் செல்வோரையும் காணமுடிவதில்லை. எழுதுவோர் புறப்பட்ட நாளிலேயே ஊரும் நின்றுவிட்டது போன்ற தோற்றம் ஏற்படுகின்றது. ஒரு காலத்திற் சிறைக்கூடமாக இருந்து இப்போது உல்லாசப் பயணிகளுக்கு விடுதியாகியிருக்கும் கடற்கோட்டை தனிமையை விலைகூறுகின்றது. அதை விளம்பரம் செய்யும் மொழிக்கும் இம்மலர்களின் மொழிக்கும் வேறுபாடு குறைந்து வருகின்றது. தீவில் பிறந்தவரே தம் தீவை வந்தேறியின் கண்ணால் நோக்கத் தொடங்கிவிட்டமை கவலைக்குரியது.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை அவன் இறப்போடு முடிவதில்லை. சாவக நாட்டில் புண்ணியராசனாக மறுபிறப்பு எய்திய அவன், கடல் கடந்து மணிபல்லவத்துக்கு மீண்டும் வருகின்றான். மணலைத் தோண்டித் தன் பழைய எலும்புகளைக் காண்கின்றான். அவனை விட்டுச் சென்றதை உணர்ந்து தேடிவந்து அங்கேயே உயிர்விட்ட செட்டிகள் ஒன்பதின்மரின் எலும்புகளும் அவற்றின் அருகே கிடக்கின்றன. அவன் மயங்கி வருந்தி அரசைத் துறக்க விழைகின்றான். மணிமேகலை அவனை அத்தீவில் இருந்து அழுமாறு கூறவில்லை. நாட்டுக்குத் திரும்புமாறு கூறுகின்றாள். உணவும் உடையும் உறையுளும் அளித்தலே அறம் என்று அவள் அவனுக்கு எடுத்துரைப்பதும் அவ்வெலும்புகளின் அருகே நின்றுதான்.