ஆள் என்னும் ஒரு சொல்: திருமெய்யப் பாசுரங்கள் இரண்டின் பொருள்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் வழியில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே, பெரும்பாறையாக எழுந்து நிற்கும் குன்றைச் சார்ந்து விளங்குவது திருமெய்யம். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரே திவ்யதேசம் இது. நின்ற திருக்கோலத்தில் ஸத்யமூர்த்தியும், குடைவரையில் அரவணைமேல் கிடந்த திருக்கோலத்தில் திருமெய்யரும் இங்கே ஸேவை ஸாதிக்கின்றனர். ஆழ்வார்களுள் இத்தலத்தை மங்களாசாஸனம் செய்தவர் திருமங்கையாழ்வார் ஒருவரே. அவரும் இதற்கெனத் தனித் திருமொழி அருளிச்செய்யவில்லை. வேறு திவ்யதேசங்களைப் பாடும் திருமொழிகளின் நடுவே திருமெய்யத்தை நினைந்து செல்கிறார்.

இவ்வாறு சிதறிக் கிடக்கும் பாசுரங்களுக்கு ஓர் இடர் உண்டு. தலத்தின் பெருமை சொல்லுமிடத்து அவை தத்தம் திருமொழியிலிருந்து தனியே எடுக்கப்பட்டு ஓதப்படுகின்றன. பேசுபவள் யார், யாரை நோக்கிப் பேசுகிறாள், முன்பாசுரத்தில் என்ன நிகழ்ந்தது என்பன விடுபட்டுப் போகின்றன. எஞ்சி நிற்பது தலப்பெயர் ஒன்றே. ஆகவே உரைப்போர் அப்பெயரையே பற்றிக்கொண்டு, ‘மெய்’ என்றால் ஸத்யம், குன்றுக்கு ஸத்யகிரி என்றும் பெருமாளுக்கு ஸத்யமூர்த்தி என்றும் பெயர் வழங்குகிறது, எனவே பாசுரம் பகவானின் ஸத்யத்தைச் சொல்கிறது என்று முடித்துவிடுகின்றனர். பெயர்ப்பொருள் தவறன்று, அது பாசுரத்தின் பொருள் ஆகுமா என்பதே வினா. பெரிய திருமொழியில் மூன்றாம் பத்தின் ஆறாம் திருமொழி 9ஆம் பாசுரமும், ஐந்தாம் பத்தின் ஐந்தாம் திருமொழி 2ஆம் பாசுரமும் இவ்வினாவுக்கு விடை தருவன.

முன்னது திருவாலித் திருமொழியைச் சேர்ந்தது. பரகால நாயகி வண்டைத் தூதுவிடுகிறாள். தூது சென்று மீளும்வரை பொறுக்கமாட்டாமல் எம்பெருமானையே முன்னிலைப்படுத்திப் பேசத் தொடங்குகிறாள். 9ஆம் பாசுரம் அப்படி நேரே பேசும் பேச்சு. பின்னது திருவரங்கத் திருமொழியைச் சேர்ந்தது. அங்கே பேசுபவள் திருத்தாயார். மகளின் நிலையைக் கண்டு, அவன் இவளுக்குச் செய்தது என்னவென்று அறியமாட்டாமல், ஊர்ப் பெண்டிரிடம் முறையிடுகிறாள். ஒன்று மகள் பேச்சு. மற்றொன்று தாய் பேச்சு. ஆயினும் இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை. இரண்டிலும் மெய்யமலை வருகிறது; மராமரம் எய்த வில் வருகிறது; கைவளை நில்லாத மெலிவு வருகிறது. அடிதோறும் எதுகையாக ஒரே ஒலி நடக்கிறது. அவ்வொலியின் உயிராக நிற்பது ‘ஆள்’ என்னும் சொல்.

தமிழில் இச்சொல் இருதிசை நோக்குவது. வினையாக நின்றால் உடையவனின் செயலைக் காட்டும்: ஆளுதல், அடக்கிக் காத்தல், கைக்கொண்டிருத்தல். பெயராக நின்றால் உடைமையானவனைக் காட்டும்: ஏவல் செய்பவன், அடிமை. மலையை உடையவன் மலையாளன். வில்லை ஆள்பவன் சிலையாளன். ஆனால் விலைக்குக் கொள்ளப்பட்டவன் விலையாள். என்றும் நீங்காது நின்று பணி செய்பவன் நிலையாள். ஸ்வாமியையும் தாஸனையும் ஒரே பகுதி சொல்லிவிடுகிறது.

இந்த இருமையை ஆழ்வார் அறிந்தே கையாள்கிறார் என்பதற்குத் திருவாலித் திருமொழியே சான்று. அதன் 5ஆம் பாசுரத்திலும் இதே ஈற்றொலி அடுக்கி வருகிறது. உலகளந்த திருவடியும், குடந்தை நகரும், மலையெடுத்த தோளும், அவன் தனக்குத் துணையாதலும் அவ்வொலியால் சொல்லப்படுகின்றன. அங்கே எல்லாம் அவன் பக்கத்துச் சொற்கள். 9ஆம் பாசுரத்திலோ முதற்சொல்லே திசை மாறுகிறது. ‘நிலையாளா’ என்பதைச் செவி விளியாகவே முதலில் கொள்ளும். பின்வரும் ‘சிலையாளா’ என்பது விளிதானே. ஆனால் அடுத்து வணங்குதலைப் பற்றிய பேச்சு வந்தவுடன், அது ‘நிலை ஆள் ஆக’ என்று பிரிந்து அவளைக் குறிப்பதாகிறது. நித்ய கைங்கர்யத்துக்கு உரியவளாக வணங்குவதை நீ வேண்டாவிடினும் என்பது அங்கே கருத்து. ஒலி ஒன்று, ஆனால் ஒன்று அடியாளையும் மற்றொன்று ஆண்டானையும் சொல்கிறது. பதம் பிரிக்குமிடத்தில் வியப்புக்குறி ஒன்றை இட்டு இதனையும் விளியாக்கிவிட்டால், பாசுரத்தின் பாதிப் பொருள் அச்சிலேயே மறைந்துபோகும்.

இங்கே ஸித்தாந்தத்துக்கே ஓர் ஐயம் எழுகிறது. கைங்கர்யமே பரம புருஷார்த்தம் என்பது ஸம்ப்ரதாயத்தின் முடிபு. அவ்வாறிருக்க, அடிமை கொள்ளாவிடினும் ஆகுக, ஒருநாளேனும் திருமார்போடு சேர்த்துக்கொள் என்று நாயகி கேட்பது கைங்கர்யத்தை விட்டு ஸம்ச்லேஷ ஸுகத்தை விரும்பியதாகாதோ? சொல்லை உற்று நோக்கினால் ஐயம் நீங்கும். அந்தச் சேர்க்கையையும் அவள் ‘ஆளுதல்’ என்றே வேண்டுகிறாள். அடிமையாக ஏற்க மாட்டாய் என்றால் ஆள்வதையாவது செய் என்கிறாள். பெயர்ச்சொல்லாக விட்டதை வினைச்சொல்லாக மீட்டுக்கொள்கிறாள். ஆள்பவன் ஒருவன் உண்டானால் ஆளப்படுபவளின் சேஷத்வம் எங்கே போகும்? கைவிட்டது போலத் தோன்றியதை அவள் கைவிடவே இல்லை.

பாசுரத்தின் முடிவும் இதே சொல்லில்தான் நிற்கிறது. வில்லையும் திறலையும் மலையையும் ஆள்பவன் நீ; நீ எங்களை ஆளும் வகையால் வளையை ஆளவும் எங்களால் ஆகவில்லை என்கிறாள். மலையை உடையவனுக்கு எதிரே வளையையும் உடையளல்லாதவள் நிற்கிறாள். திருமந்திரத்தின் நடுப்பதமான நம:சப்தம் ‘எனக்கு நான் உரியேன் அல்லேன்’ என்பதை உணர்த்தும். அப்பொருளுக்குக் கைவளையைக் காட்டிலும் அணுக்கமான சான்று வேறில்லை. எனினும் இதனை ஸ்வாபதேசமாகக் கொள்ளும்போது ஒன்றை மறத்தலாகாது: அவள் இதைச் சூத்திரமாகச் சொல்லவில்லை, முறையீடாகச் சொல்கிறாள். உள்ளுறை விளக்கம் அழுகையை அழித்துவிட்டால் அது விளக்கமாகாது.

தாய் பேச்சில் ‘ஆள்’ மூன்று நிலைகளில் வருகிறது. இடை ஆடையை ஆளவில்லை, கை வளையை ஆளவில்லை என்று எதிர்மறையில் தொடங்குகிறது. பிறகு, விலையாளான அடியேனை வேண்டுவாயோ மாட்டாயோ என்று மகள் கேட்ட வினாவில் பெயராகிறது. முடிவில் மலைக்கும் வானவர்க்கும் வில்லுக்கும் உரிய தலைவனைச் சொல்லும் பெயர்களில் நிலைபெறுகிறது. தன்னை ஆள முடியாமை, அடிமையாதல், அவன் ஆளுதல் என்னும் வரிசை இது. விலையாள் என்பதும் வெறும் அணிச்சொல் அன்று. மனிதரை விலைக்கு விற்ற ஆள்விலை ஆவணங்கள் சோழர் காலச் சாஸனங்களில் காணப்படுகின்றன. ஆலிநாடன் என்று பெயர் பெற்று, ஆட்களைக் கொண்டு நாடாண்ட ஒருவர், அச்சொல்லை நாயகியின் வாயில் வைத்துத் தம்மை விற்றுக்கொள்கிறார். விற்ற பின்னும், வாங்குபவன் கொள்வானோ என்னும் அச்சம் நீங்கவில்லை. தாய் கலங்குவது அதனால்.

எதுகைக்காகவே மலை வேண்டியிருந்தது, ஆலியும் அரங்கமும் மலையல்லாமையால் மெய்யம் வந்தது என்று கூறுவார் உளராயின், அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. ‘மலை’ என்னும் சொல் எதுகை வேண்டிய சொல்லே. ஆனால் மலை வேறும் உண்டே! திருவரங்கத் திருமொழியின் முதற்பாசுரத்தில் மகள் வாய்வெருவுவது வேங்கடத்தைத்தான். அடுத்த பாசுரத்தில் ஆழ்வார் அதனை விட்டு மெய்யத்துக்கு வருகிறார். மேலும் இரண்டு பாசுரங்களிலும் ‘மெய்ய’ என்பது அடியின் இறுதியில் நிற்க, ‘மலை’ அடுத்த அடியின் தொடக்கத்தில் வருகிறது. தாய் பேச்சில் அது, வேண்டுவாயோ மாட்டாயோ என்னும் வினாவை அடுத்து ஒருகணம் தனித்து நிற்கிறது. ஓதுபவர் செவியில் அக்கணம் ‘மெய்’ ஒலிக்குமேயானால் அதனைத் தடுக்க வேண்டியதில்லை. இலக்கணத்தில் அது தலப்பெயர். ஓசையில் வினாவுக்கு எதிரே நிற்கும் ஒரு நம்பிக்கை. பெயர்ப்பொருளுக்குப் பாசுரம் தரும் இடம் இவ்வளவே.

அந்த நம்பிக்கைக்கு உறுதி தருவது பெயரன்று, செயல். மராமரம் ஏழையும் இராமபிரான் எய்தது போரில் அன்று. வாலியை வெல்ல வல்லனோ என்று ஐயுற்ற சுக்ரீவனைத் தேற்றுவதற்காக எய்தது. தன்னைச் சோதிக்கத் துணிந்தவனை முனியாமல், அவன் ஐயம் தீரும்படி செய்து காட்டிய சரிதம் அது. வேண்டுவாயோ மாட்டாயோ என்று ஐயுறுபவளின் பாசுரங்களில் அந்த வில்லே வருவது தற்செயலாகாது. ஸத்யமூர்த்தி என்னும் திருநாமத்தின் பொருளை ஆழ்வார் சொற்பிறப்பால் நிறுவாமல், ஐயம் தீர்த்த அம்பினால் நிறுவுகிறார்.

தோழி, தாய், மகள் என்னும் மூவர் பேச்சையும் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் முறையே ஸம்பந்த உணர்வு, உபாயத்தில் துணிவு, பலத்தில் பதற்றம் என வகுத்தார். மகள் பாசுரத்தில் ஒருநாளேனும் என்னும் பதற்றம் வெளிப்படை. தாய் பாசுரத்தில் துணிவு கலக்கத்துக்குள் மறைந்திருக்கிறது: மகள் செய்தது ஒன்றுமில்லை, எல்லாம் அவன் செய்தவை என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. இரு நிலைக்கும் அடியான ஸம்பந்தத்தைச் சொல்லத் தோழி இங்கே இல்லை. அவள் பணியை ‘ஆள்’ என்னும் சொல் செய்கிறது.

திருமெய்யத்துக் குடைவரையில் இதற்கொரு கண்கூடான துணை உண்டு. பெருமாள் கண்வளர்ந்தருள, மதுகைடபர் எதிர்த்து வர, ஆதிசேஷன் நச்சு மூச்சை உமிழ்ந்து அவர்களைத் துரத்தியதாகத் தலவரலாறு கூறும். பாறையிலும் அக்காட்சி வடிக்கப்பட்டுள்ளது. ஆண்டான் துயில, ஆள் விழித்திருக்கிறான். இவ்விரு பாசுரங்களிலும் கிடந்த திருக்கோலம் பேசப்படவில்லையாதலின், அதனைப் பாசுரத்துக்குப் பொருளாக ஏற்றுதல் கூடாது. ஆயினும் அந்த ஸந்நிதியில் நின்று இவற்றை அநுஸந்திப்பவர், தலப்பெயரின் பொருளோடு நிறைவடையாமல், தாம் யாருடைய ஆள் என்னும் வினாவோடு திரும்புவாராயின், ஆழ்வார் திருவுள்ளத்துக்கு அணுக்கமாகச் சென்றவர் ஆவார்.