முதல் வரியைக் கொல்லும் பழக்கம்

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை. வெளியே களத்தில் மாவு காய்கிறது. அலுவலக அறையில் லினக்ஸ் மின்ட் ஓடும் மேசைக் கணினி, காற்றாடி இரைய இரைய, சொடுக்கினால் அரை நிமிடம் கழித்து அசைகிறது. குச்சிக்கிழங்கு லோடுகளுக்குக் கணக்கு எழுதும் தம்பி கருப்புத் திரையைத் திறந்து ‘டாப்’ என்று தட்டினான். உச்சியில் ஃபயர்ஃபாக்ஸ், 180 சதவீதம். கொன்றான். கொஞ்ச நேரத்தில் எக்ஸார்க் மேலே வந்தது. சூடோ போட்டு, ‘கில் 9’ கொடுத்து அதையும் கொன்றான். திரையை வரைவதே எக்ஸார்க்தான். மொத்தமும் அணைந்து, கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்து நின்றது. கால்க் விரிதாளில் சேமிக்காமல் இருந்த காலை லோடுக் கணக்கு, எடையும் மாவுச்சத்துப் பாயிண்டும் சேர்த்துப் போயிற்று.

“மேல நிக்கறத கில் பண்ணுன்னுதானேங்கண்ணா சொன்னாங்க?” என்றான். சொன்னவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இந்தப் பழக்கத்தை எடைபோட்டுப் பார்க்கத் தோன்றியது.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். டாப், 1984-இல் வில்லியம் லெஃபெவர் பிஎஸ்டி யூனிக்ஸுக்காக எழுதிய கருவி. லினக்ஸில் நாம் பார்ப்பது அதன் வழியில் வந்தது. கணினிக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒளிக்காமல் காட்டும் குணம் அதற்கு உண்டு. 2011-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. பலர் அதைத் திறக்கவே இல்லை. திறந்து பழகிய பிள்ளைகள் கற்ற முதல் வைத்தியங்களில் ஒன்று இந்த டாப்பும் கில்லும். அது பலிக்கவும் செய்கிறது. உலாவியில் ஏதோ ஒரு பக்கத்தின் நிரல் முடிவில்லாமல் சுற்றும்போதும், டிடிபி கடையில் பிரிண்டருக்கு அனுப்பிய கோப்பு நடுவழியில் சிக்கி பிராசசரின் ஒரு கோரை முழுதாகத் தின்னும்போதும், அந்த ஒன்றை நிறுத்துவதுதான் சரியான மருந்து. கணினியை மூடித் திறப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

குறை எங்கே என்றால், டாப் ‘யார்’ என்று மட்டுமே சொல்கிறது, ‘ஏன்’ என்று சொல்வதில்லை. அது காட்டும் எண்ணையும் நாம் தவறாகவே படிக்கிறோம். 180 சதவீதம் என்றதும் தம்பி பதறினான். நான்கு கோர் உள்ள இயந்திரத்தில் முழு அளவு 400. ‘பிஎஸ்’ கட்டளை காட்டும் சதவீதமோ வேறு கணக்கு. அது அந்த நிரல் தொடங்கியதிலிருந்து இன்றுவரையிலான சராசரி. காலையிலிருந்து சும்மா கிடந்து இப்போதுதான் வெறிபிடித்த நிரல் அதில் சாதுவாகத் தெரியும்.

ஆலையில் நடந்தது இதைவிட ஆழமானது. மறுபடி உள்ளே போய் ‘சென்ஸார்ஸ்’ போட்டேன். 98 டிகிரி. வேகத்தைப் பார்த்தால், 3200 மெகாஹெர்ட்ஸில் ஓடவேண்டிய பிராசசர் 800-இல் தவழ்ந்துகொண்டிருந்தது. சூடு எல்லை தாண்டினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் காலாகிவிட்டால், 20 சதவீதத்தில் முடியும் வேலை 80 சதவீதம் என்று தெரியும். வேலை கூடவில்லை, அளக்கும் படிதான் சுருங்கிவிட்டது. டாப் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

பட்டியலில் ‘ஐடில் இன்ஜெக்ட்’ என்று நான்கு வரிகளும் இருந்தன, கோருக்கு ஒன்றாக. சூட்டைத் தணிக்கக் கெர்னல் பிராசசரை வலுக்கட்டாயமாக ஓய்வெடுக்க வைப்பதுதான் அது. ஓய்வையே வேலைபோலச் சதவீதமாகக் காட்டுவதால், காக்க வந்ததே குற்றவாளியாகத் தெரிகிறது. கெர்னலின் இழைகள் என்பதால், நல்ல வேளையாக, கில் அவற்றைத் தொடமுடியாது.

பெட்டியைத் திறந்தோம். ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையே மாவுத் தூசி ஈரம்பட்டு இறுகி, அட்டைபோல அடைத்திருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் சுரண்டி, புளோயரால் ஊதி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவினோம். அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே பக்கங்கள், இப்போது 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. பங்குனி வெயிலும் கிழங்கு மாவும் சேர்ந்த ஊரில், பிராசசர் ஏறினால் முதலில் கையைக் காற்றாடிப் பக்கம் வைத்துப் பார்ப்பதே முறை.

நினைவகத்தின் கதை வேறு. அரசு கொடுத்த அந்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் உயிரோடிருக்கின்றன. 2 ஜிபி நினைவகத்தில் இன்றைய உலாவி திணறும்போது ‘கேஸ்வாப்டி0’ மேலே வரும். இடமில்லாமல் பக்கங்களை வட்டுக்குத் தள்ளும் கூலி அது. உலாவிப் பக்கங்களை மூடினால் தானே அடங்கிவிடும். அப்போது லோடு ஆவரேஜ் 9 என்று பயமுறுத்தும், பிராசசரோ பெரும்பாலும் சும்மா இருக்கும். 1993 முதல் லினக்ஸ், வட்டுக்காகக் காத்திருக்கும் நிரல்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. டாப்பின் மேல்வரிசையில் ‘டபிள்யூஏ’ என்ற எண் ஏறியிருந்தால் வட்டுதான் தடை என்று கொள்ளலாம். 2018-இல் வந்த 4.20 கெர்னலிலிருந்து, பிராசசர், நினைவகம், வட்டு மூன்றில் எது நெருக்குகிறது என்று தனித்தனியே காட்டும் வசதியும் உண்டு. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கொன்றது திரும்பி வருவதும் உண்டு. தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் கல்யாணப் படங்களை ஆயிரக்கணக்கில் கணினிக்குள் கொட்டுவார். நோம் மேசைத்தளத்தின் டிராக்கர் அவற்றுக்கெல்லாம் தேடல் அட்டவணை எழுத உட்காரும். அவர் தினமும் அதைக் கொல்வார், அது தினமும் விட்டதைப் பிடிக்க மறுபடி வரும். ஓர் இரவு விட்டிருந்தால் எழுதி முடித்திருக்கும். தேடல் அமைப்பில் அந்தப் படக் கோப்புறையை விலக்கிவைத்த பிறகே சண்டை ஓய்ந்தது. டிராக்கரையே முழுக்க நீக்கிவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு பில்லைத் தேடும் நாளில் அதன் அருமை தெரியும்.

தம்பியிடம் கில்லை விடச் சொல்லவில்லை. 9-க்குப் பதில் வெறும் கில், அதாவது 15. அது நிரலிடம் ‘கிளம்பு’ என்று சொல்லி, எழுதிக்கொண்டிருப்பதை முடிக்க இடம் கொடுக்கும். அதற்கும் முன்னால் சென்ஸார்ஸ், பிறகு டபிள்யூஏ. மானிட்டர் ஓரத்தில் இந்த மூன்றையும் எழுதி ஒட்டியிருக்கிறான். போன வாரம் போன் செய்தான்: “அண்ணா, 91 காட்டுது. பிரஷ்ஷ எடுத்துட்டங்ண்ணா, பேஸ்ட்டும் மாத்தோணுமா?”