வெந்நீரின் பதம்

ஹைதராபாத் பழைய நகரில் ஒரு முஸ்லிம் பெண் இறந்தால், அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டப் பெண்களே வருகிறார்கள். நானும் பெண் என்பதால் அருகில் நிற்க வாய்த்தது. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய நீரை முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்க்கிறார் மூத்தவர். உயிரோடிருப்பவருக்குப் பொறுக்கும் சூடுதான் இவருக்கும். போர்த்திய துணி விலகுவதே இல்லை. அதனடியில், துணி சுற்றிய கை வலப்பக்கத்திலிருந்து மெல்ல நகர்கிறது. உடலைத் திருப்பும்போது இன்னொருவர் தலையைத் தாங்கிக்கொள்கிறார். கடைசிச் செம்பில் கற்பூரம் மணக்கிறது. கூந்தலை இரண்டாகப் பிரித்து மார்பின்மேல் விட்டு, வெள்ளைப் பருத்தியில் ஐந்து கஃபன் துணிகளை ஒவ்வொன்றாகச் சுற்றுகிறார்கள். கஞ்சி போகாத புதுத்துணியின் சரசரப்பு மட்டும் கேட்கிறது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. உடலில் கண்ட தழும்பையோ குறையையோ வெளியே சொல்லமாட்டார்கள்; இறந்தவருக்குத் தரும் அந்த மரியாதையில் அவர்களுடைய சுயமரியாதையும் இருக்கிறது. குளிப்பாட்டியவர் தானும் குளிப்பது நல்லது என்பது மரபு. அவசரமில்லாமல் தலைக்கு ஊற்றிக்கொண்டு, உடை மாற்றி, தேநீரோடு உட்கார்கிறார்கள். அந்த நேரத்தில் அடுத்த வேலை சொல்லி யாரும் அவர்களைக் கூப்பிடுவதில்லை.