தாழ்ந்த சைக்கிளும் பன்னிரண்டு வோல்ட் பாட்டும்

சிங்கப்பூரில் கையால் மாற்றிக் கட்டிய சைக்கிள்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: ‘இதெல்லாம் கலிஃபோர்னியா லோரைடரின் நகல்.’ நீட்டிய முன் ஃபோர்க், நீள சீட்டு, தரையோடு தாழ்ந்த சட்டம், முறுக்கிய குரோம் கம்பி இவற்றைப் பார்த்தவுடனே தீர்ப்பு தயாராகிவிடுகிறது. வடிவமைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள்கூட அதை ஒருமுறை தட்டிப் பார்ப்பதில்லை. புக்கிட் மேரா போன்ற பழைய பேட்டையின் கதையோடு சேர்த்துப் படித்தால் இந்தச் சோம்பேறித் தீர்ப்பு நிற்காது.

அமெரிக்கப் பகுதி பலருக்கும் தெரிந்ததுதான்: லோரைடர் என்றால் முதலில் தரையோடு தாழ்த்திய கார். சக்கர ரிம்முக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் தாழக் கூடாது என்று கலிஃபோர்னியா 1958-ல் சட்டம் போட்டது. 1959-ல் ரான் அகீரே என்பவர் தன் கார்வெட் காரில் விமானங்களிலிருந்து கழித்த ஹைட்ராலிக் பாகங்களைப் பொருத்தி, வேண்டும்போது வண்டியை உயர்த்தவும் தாழ்த்தவும் வழி கண்டார். கார் வாங்க வயதும் வசதியும் இல்லாத பையன்கள் அதே ஆசையைச் சைக்கிளில் தீர்த்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாப் பிள்ளைகள் 20 அங்குலச் சக்கர வண்டியில் உயரமான ஹேண்டில்பாரும் நீள சீட்டும் மாட்டி ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் ஷ்வின் நிறுவனத்தின் ஆல் ஃபிரிட்ஸ் 1963-ல் ஸ்டிங்-ரேயைக் கொண்டுவந்தார். அதே சாயல் கொண்ட ராலே சாப்பர் சைக்கிள் 1970-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1977-ல் சான் ஹோசேயில் ‘லோரைடர்’ இதழ் தொடங்கியது. ஆக, மூலம் என்று கொண்டாடப்படும் ஸ்டிங்-ரேயே பெயர் தெரியாத பையன்களின் கைவேலையைப் பார்த்துத் தொழிற்சாலை எடுத்த பிரதி. நகல் என்ற சொல்லை வீசுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. 1947-ல் கைரிக்‌ஷா ஒழிக்கப்பட்டபின் தெருவைப் பிடித்துக்கொண்டது டிரைஷா. சைக்கிளின் பக்கவாட்டில் பயணி இருக்கையை வைத்துக் கட்டிய வண்டி அது. சிராங்கூன் சாலை வட்டாரத்துத் தமிழ்ப் பால்காரர்கள் கேன்களைத் தொங்கவிட்ட சைக்கிளில் வீடுவீடாகப் போனார்கள். ரொட்டிக்காரர் கேரியரில் தகரப் பெட்டியை ஏற்றினார். யாரும் இவற்றைக் கலை என்று சொல்லவில்லை. ஆனால், கடையில் வாங்கிய சட்டத்தைப் பிழைப்புக்கு ஏற்றபடி வெட்டி, ஒட்டி, பளு தாங்க வைக்கும் அறிவு அங்கேதான் வளர்ந்தது. வண்டியை அலங்கரிப்பதும் அந்த வழியில் வந்ததுதான். இன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் டிரைஷாவின் விளக்குச் சரத்தையும் பாட்டுப் பெட்டியையும், மலாக்காவில் பூவும் பொம்மையும் போர்த்திக்கொண்டு அலறும் அதன் உறவினரையும் பார்த்தவர்களுக்கு, சிங்கப்பூர் இளைஞன் தன் வண்டியில் ஸ்பீக்கர் வைப்பதற்குக் கலிஃபோர்னியாவரை போய்க் காரணம் தேட வேண்டியிருக்காது.

புக்கிட் மேராவுக்குப் பெயர் தந்த மலாய்ப் பழங்கதையின் நாயகனும் ஒரு சிறுவன்தான். வாள்மீன்கள் கரைக்கு வந்து தாக்கியபோது வாழைத்தண்டுகளை வரிசையாக நிறுத்துங்கள், மீன்களின் மூக்கு அதில் சிக்கிக்கொள்ளும் என்று வழி சொன்னவன். அவன் புத்தியைக் கண்டு அஞ்சி அரசன் அவனைக் கொல்லச் செய்தான், அந்த ரத்தத்தில் குன்று சிவந்தது என்பது கதை. கைக்குக் கிடைத்ததை வைத்துக் காரியம் முடிப்பதற்கு இந்தப் பேட்டையின் நினைவில் இவ்வளவு பழைய இடம் இருக்கிறது.

இதே வட்டாரத்தில், 1961 மே 25-ல் புக்கிட் ஹோ சுவீ கம்பம் (கிராமக் குடியிருப்பு) எரிந்தது. ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அதன் பிறகு அடுக்குமாடிகள் எழுந்த வேகம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. கம்பத்து முற்றத்தோடு போன இன்னொன்று அங்கே எழுதப்படவில்லை: வண்டியைக் கவிழ்த்துப் போட்டு நாள் கணக்கில் வேலை செய்யும் இடம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். தீ விபத்தை நினைத்தால் நியாயமான விதிதான். ஆனாலும் வாசலுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் எஞ்சும் ஒடுங்கிய இடத்தில் சட்டம் அறுப்பவனுக்கு அதுவே எல்லை.

அடுத்த எல்லையை வாகன ஒதுக்கீட்டு முறை போட்டது. 1990 மே 1-ல் அது நடப்புக்கு வந்த பிறகு கார் என்பது ஏலத்தில் எடுக்கும் பொருளாயிற்று. 2023-ல் சிறிய கார்களுக்கான உரிமைச் சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அவ்வளவு கொடுத்து வாங்கிய காரிலும் எக்ஸாஸ்ட்டை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். மிதித்து ஓட்டும் சைக்கிளுக்கு மட்டும் சான்றிதழும் இல்லை, பதிவெண்ணும் இல்லை. வாடகை வீட்டில் வளரும் பையன் தன் விருப்பப்படி வெட்டவும் வர்ணம் பூசவும் மிஞ்சியிருக்கும் ஒரே வண்டி அதுதான். கலிஃபோர்னியாவும் சிங்கப்பூரும் இங்கேதான் ஒத்துப்போகின்றன: இரண்டு இடத்திலும் சட்டம் ஒரு வாசலைச் சாத்தியது, வசதியில்லாதவர்கள் இன்னொன்றைத் திறந்துகொண்டார்கள்.

நகல் என்பவர்கள் ஒரு நல்ல வண்டியைக் கட்டுவது எப்படி என்று பார்த்திருந்தால் அந்தச் சொல் வாயில் வந்திருக்காது. முன் ஃபோர்க்கை நீட்டினால் முன்பக்கம் உயர்ந்து, ஹெட் டியூப் பின்னால் சாயும். ஸ்டீயரிங் அச்சின் நேர்கோடு தரையில் விழும் புள்ளிக்கு வெகு பின்னால் சக்கரம் தரையைத் தொடும். நேர்ப்பாதையில் வண்டி அமைதியாகப் போகும். மெதுவாகத் திருப்பும்போதோ ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் சரிந்து விழும். இதைச் சரிசெய்ய ஹெட் டியூபையே அறுத்துக் கோணம் மாற்றி மறுபடி ஒட்ட வேண்டும். குரோம் பூசிய குழாயில் நேரே வெல்டிங் வைக்கக் கூடாது. பூச்சைத் தேய்த்து எடுக்காவிட்டால் ஒட்டு பிடிக்காது, எழும் புகையும் நஞ்சு. சட்டத்தைத் தாழ்த்தினால் வளைவில் சாயும்போது பெடல் தரையில் இடிக்கும். அதற்குக் குட்டைக் கிராங்க் போட வேண்டும். சாதாரணச் சக்கரத்தில் 36 போக்ஸ் கம்பி என்றால் லோரைடரின் அலங்காரச் சக்கரத்தில் 144. ஒரு நிப்பிளைக் கூடத் திருகினால் பக்கத்துக் கம்பிகளின் இறுக்கமும் மாறும். பெண்டு எடுக்க உட்காருகிறவனுக்குப் பொறுமைதான் முதல் கருவி. மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் இந்த வண்டி ஏறாது. அலெக்சாண்ட்ரா கால்வாயோரச் சமதரைதான் அதன் ராஜபாட்டை.

பாட்டுக்கு வருவோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் எடை. கணக்குப்படி 84 வாட்-மணி. ஆம்ப்ளிஃபயர் 50 வாட் இழுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், நடைமுறையில் அதைவிடக் குறைவு. பின் கேரியரில் பிளைவுட் பெட்டியைக் கட்டினால் பளு பின்னால் போய், நீட்டிய முன்பக்கம் இன்னும் லேசாகும். பேட்டரியைச் சட்டத்தின் நடுவில் தாழ வைப்பவன் பௌதிகம் தெரிந்தவன்.

சைக்கிளையும் ஒலியையும் சேர்த்ததில் தமிழர்களுக்குத் தனிப் பங்கு உண்டு, அதை யாரும் இந்த வரலாற்றில் எழுதுவதில்லை. 1990-க்குப் பிறகு மின்சாரம் துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் வண்டியை மின்நிலையமாகவும் ஒலிப்பெட்டியாகவும் ஆக்கிய அந்தக் கைகளை விட்டுவிட்டு எழுதும் எந்த வரலாறும் குறையுள்ளதே. நியூயார்க்கின் ரிச்மண்ட் ஹில் பகுதியில் டிரினிடாட் வம்சாவளிப் பிள்ளைகள் சைக்கிளில் மலைபோல் ஸ்பீக்கர் அடுக்கியதை ‘மேட் இன் குவீன்ஸ்’ என்ற 2008-ஆம் ஆண்டுக் குறும்படம் பதிவு செய்தது. சிங்கப்பூர் வண்டியைக் குரோமைக் காட்டிலும் பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் அதன் நெருங்கிய உறவு இவர்கள்தான்.

2010-ஐ ஒட்டிச் சிங்கப்பூரை ஃபிக்ஸி (ஒரே நிலையான கியர் கொண்ட சைக்கிள்) மோகம் பிடித்துக்கொண்டது. பத்திரிகைகள் அதைப் பண்பாடு என்று கொண்டாடின. எளிமை என்ற பெயரில் விலையுயர்ந்த பாகங்களை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே அங்கே பெரும்பாலோரின் படைப்பு. பிரேக்கைக் கழற்றுவது ஸ்டைலாயிற்று. எல்லைக்கு அப்பால், மலேசியாவில், ‘பாசிக்கல் லாஜாக்’ இன்னும் கொடியது. ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றி, சட்டத்தின்மேல் படுத்தபடி இறக்கத்தில் பாய்வது. 2017 பிப்ரவரி 18 விடியற்காலையில் ஜோகூர் பாருவில் அந்தக் கூட்டத்தின் எட்டுச் சிறுவர்கள் இறந்தார்கள். சிங்கப்பூர் 2021 செப்டம்பர் 1 முதல் ஒரு கைப் பிரேக்காவது வேண்டும் என்று கட்டாயமாக்கியது சரியான முடிவு.

பிழை எங்கே என்றால், இவையெல்லாம் ஒரே பெயரில் ‘மாற்றியமைத்த சைக்கிள்’ ஆகி, லோரைடரும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிட்டதுதான். லாஜாக் வேகத்துக்காகத் தாழ்கிறது. லோரைடர் மெதுவாகப் போவதற்காகவே, பார்க்கிறவர்கள் பார்த்து முடிப்பதற்காகவே தாழ்கிறது. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் என்ற வரம்பைத் தன் இயல்பாலேயே மதிக்கும் வண்டி அது. நள்ளிரவில் புளோக்குக்குக் கீழே ஸ்பீக்கரை அலறவிடுவது தவறு, அதற்குப் பரிந்து பேச முடியாது. ஆனால் அது ஒலியளவின் குற்றம், வண்டியின் குற்றமல்ல.

உண்மையான ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. ஜாலான் புசார் ஓரத்துச் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10-ல் மூடப்பட்டது. பழைய ரிம், கழன்ற டைனமோ, துருப்பிடித்த செயின் கார்டு என்று தேடிப் பொறுக்கும் இடம் தேக்காவுக்குப் பக்கத்திலேயே இருந்தது, போய்விட்டது. அந்த இடத்தை இணையத்தில் வாங்கும் ஆயத்த பாகங்கள் பிடித்துக்கொண்டன. முறுக்குக் கம்பியும் 144 கம்பிச் சக்கரமும் பெட்டியில் வருகின்றன, ஸ்பானர் இருந்தால் போதும். அப்படி மாட்டிய வண்டியைப் பார்த்து நகல் என்று சொன்னால் மறுக்க முடியாது. அறுத்து ஒட்டிய வண்டிக்கும் மாட்டிய வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை விமர்சனம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அதைவிட அவசரமானது வேலை செய்ய ஓரிடம். 2014 முதல் நடக்கும் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ அமர்வுகளில் தன்னார்வலர்கள் விசிறியும் ரைஸ் குக்கரும் பழுதுபார்க்கச் சொல்லித் தருகிறார்கள். அதே ஏற்பாட்டைச் சைக்கிள் சட்டத்துக்கும் நீட்டலாம். வண்டிப் பட்டறைகளும் வெல்டிங் தெரிந்த கைகளும் இருக்கும் புக்கிட் மேராவின் அலெக்சாண்ட்ரா வில்லேஜ் இதற்கு இயல்பான இடம். காற்றோட்டமுள்ள ஒரு ஷெட், பழைய சட்டங்களைப் பொறுக்கிக்கொள்ள ஒரு மூலை, ஒட்டையும் பிரேக்கையும் பரிசோதித்துச் சரி சொல்ல ஒரு மூத்த மெக்கானிக். நகர மன்றங்கள் தாழ்வாரங்களிலிருந்தும் கீழ்த்தளங்களிலிருந்தும் அப்புறப்படுத்தும் கேட்பாரற்ற சைக்கிள்களை அங்கே கொண்டுவந்து இறக்கினால், முதல் ஆண்டுக்கான சட்டங்களுக்குப் பஞ்சமிருக்காது.